முரல் குத்திய கழுத்தும், தேடாமல் அகப்பட்ட தைராய்டு கட்டியும்: அறுவையை எப்போது செய்து கொள்வது?

பாம்பன் தம்பி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு மாதமாக முடிவுக்கு வராத ஒரு பேச்சை இங்கே கொண்டு வந்திருக்கிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் அண்ணன் நாட்டுப்படகில் வடகடலுக்குப் போயிருந்தார். நள்ளிரவு கடந்து வலை வாங்கிக் கொண்டிருந்தபோது, தலைவிளக்கின் வெளிச்சத்தைப் பார்த்துத் துள்ளிய, ஊசி போல் நீண்ட மூக்குள்ள முரல் மீன் ஒன்று அவருடைய இடப்பக்கக் கழுத்தில், குரல்வளை மேட்டுக்குப் பக்கவாட்டில் பாய்ந்தது. மீன் உதறியதில் மூக்கு ஒடிந்து, விரல் நீளத்துக்கும் குறைவான ஒரு துண்டு கழுத்தில் நின்று விட்டது. கரைக்கு வந்து முதலில் காட்டிய இடத்தில் (பெயர் வேண்டாம்) அதைக் குறடு போட்டு இழுத்துப் பார்த்தார்கள். வெளியே தெரிந்த பகுதி மட்டும் கையோடு வந்தது, மீதி உள்ளே போய் விட்டது. பிறகு 108 வண்டியில் மதுரைக்குக் கொண்டு போனோம். சிடி ஸ்கேன் எடுத்து, அன்று பகலிலேயே கழுத்தைத் திறந்து துண்டை எடுத்தார்கள். கிழிந்திருந்த பெரிய சிரை ஒன்றைக் கட்டி விட்டதாகவும், கழுத்தின் பெரிய தமனிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார்கள்.

உயிர் தப்பியது. குரல் மட்டும் கம்மி விட்டது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது.

அந்த ஸ்கேனிலேயே வலப்பக்கத் தைராய்டில் 2.2 சென்டிமீட்டர் கட்டி ஒன்று இருப்பதாக எழுதியிருந்தார்கள். ஊசிச் சோதனையில் பாப்பில்லரி வகைப் புற்றுநோய், பெதஸ்டா 6 (ஊசிச் சோதனை முடிவைத் தரம் பிரிக்கும் வரிசையில் கடைசிப் படி) என்று முடிவு வந்திருக்கிறது. உடனே முழுச் சுரப்பியையும் எடுத்து விட வேண்டும் என்கிறார் சித்தப்பா. கத்தி பட்டால் பரவி விடும் என்கிறார் அம்மா. அண்ணனோ கடலுக்குப் போக வேண்டும் என்கிறார். தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், எங்களுக்குக் காற்று தருகிற ஓய்வைத் தவிர வேறு ஓய்வு இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் செவிலியர்

தம்பி, கட்டியைப் பற்றி மருத்துவர்கள் எழுதட்டும். படகில் போகிறவர்கள் பலரும் இதைப் படிப்பார்கள் என்பதால், காயத்தைப் பற்றி முதலில் நான் எழுதி விடுகிறேன்.

கழுத்தில் எது குத்தி நின்றாலும், அது முரல் மூக்காக இருந்தாலும் தூண்டில் முள்ளாக இருந்தாலும், கடலிலோ கரையிலோ அதைப் பிடுங்கக் கூடாது. குத்தி நிற்கிற பொருளே பல நேரங்களில் கிழிந்த குழாய்க்கு அடைப்பாக இருக்கிறது. மீன் முழுதாகத் தொங்கினால் உடலை வெட்டி அகற்றி, மூக்கை அசையாமல் துணியால் அணைத்துக் கட்டலாம். 2020 ஜனவரியில் இந்தோனேசியாவின் பூட்டன் தீவுப் பக்கம், இரவில் மீன் பிடிக்கப் போன 16 வயதுப் பையனின் கழுத்தில் இதே முரல் இனத்து மீன் ஒரு பக்கம் நுழைந்து பின்னால் வெளிவந்தது. பிடுங்காதே என்று சொல்லி, அவனைத் தாங்கிக் கொண்டு கரை சேர்த்தவன் உடன் வந்த நண்பன். உள்ளூர் மருத்துவமனையில் மீனின் உடலை மட்டும் வெட்டி விட்டு, மூக்கோடு மக்காசர் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அறுவைக்கூடத்தில் எடுத்தார்கள், பையன் பிழைத்தான்.

இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து, கசியும் இடத்தை மட்டும் விரலால் விடாமல் அழுத்த வேண்டும். துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றி இறுக்குவதைத்தான் நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். அது மூச்சையும் மூளைக்குப் போகும் இரத்தத்தையும் சேர்த்து இறுக்குகிறது. மூச்சுத் திணறாதவரைப் படுக்க வைத்தே கொண்டு வர வேண்டும், ஏனென்றால் நிமிர்ந்து உட்கார்ந்தால் கிழிந்த சிரை வழியாகக் காற்று உள்ளே இழுபட்டு இதயத்துக்குப் போகலாம். வாயில் இரத்தம் வந்து மூச்சு முட்டுகிறவரை மட்டும் முன்னால் சாய்ந்து உட்கார விட வேண்டும். சோடா, தேநீர் எதுவும் கொடுக்கக் கூடாது. உணவுக்குழாயில் துளை இருந்தால் குடிப்பதெல்லாம் கழுத்துச் சதைக்குள்தான் போகும்.

வின்ச் கயிறு கழுத்தில் அடித்த ஒருவர் வெளிக்காயம் ஏதும் இல்லாமல், குரல் மட்டும் மாறி, நடந்தே எங்களிடம் வந்தார். கழுத்தைத் தொட்டால் தோலுக்கடியில் மொறுமொறுவென்று காற்று நெரிந்தது. குரல்வளை உடைந்திருந்தது. கழுத்தில் அடிபட்ட பிறகு குரல் மாறினால், இரத்தம் வந்ததா இல்லையா என்று பார்த்துக் கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போய் விட வேண்டும்.

கத்திக்காரர்

நான் கழுத்து அறுவை செய்கிறவன். சொந்த ஊர் உங்கள் கடற்கரைதான், பிழைப்பு வேறு ஊரில். தம்பியின் அண்ணனை நான் பார்க்கவில்லை என்பதால், நான் எழுதுவதை அவருடைய மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக் கொள்ளுங்கள்.

உங்கள் மருத்துவர்கள் உடனே கத்தியை எடுக்காமல் முதலில் ஸ்கேன் எடுத்ததற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1552 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறுவையாளர் அம்ப்ருவாஸ் பரே, கழுத்தில் வெட்டுப்பட்ட ஒரு போர்வீரனின் தமனியையும் சிரையையும் கட்டி இரத்தத்தை நிறுத்தினார். வீரன் பிழைத்தான், ஆனால் பேச்சும் ஒரு பக்கக் கைகாலும் போயின. அதற்குப் பின் 400 ஆண்டுகள் வரை கழுத்துக்காயம் பெரும்பாலும் தலைவிதிக்கு விடப்பட்ட ஒன்றாகத்தான் இருந்தது. 1956 இல் டாலஸ் நகரத்திலிருந்து ஃபோகல்மன், ஸ்டூவர்ட் என்ற இருவர் தாங்கள் பார்த்த நூறு பேரின் கணக்கை வெளியிட்டார்கள்: உடனே திறந்து பார்த்தவர்களில் இறந்தவர்கள் 6 விழுக்காடு, தாமதித்தவர்களில் 35 விழுக்காடு. அதன் பிறகு, கழுத்துத் தோலுக்கடியில் விரிந்திருக்கும் பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசையைக் காயம் தாண்டி விட்டால் கேள்வியே இல்லாமல் திறந்து விடுவது வழக்கமாயிற்று. அப்படித் திறந்தவர்களில் பெரும் பங்கினருக்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்று தெரிந்த பிறகுதான், பொறுக்கித் திறக்கும் முறை வந்தது.

இப்போது கழுத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கிறோம். காறை எலும்பிலிருந்து, குரல்வளையின் அடியில் வளையம் போல் இருக்கும் கிரிகாய்டு குருத்தெலும்பு வரை முதற்பகுதி, அங்கிருந்து தாடையின் கோணம் வரை இரண்டாம் பகுதி, அதற்கு மேல் மண்டையோட்டின் அடி வரை மூன்றாம் பகுதி. நடுப்பகுதி கைக்கு எளிது. கீழே காயம் என்றால் நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம், மேலே என்றால் தாடை எலும்பு வழியை மறைக்கும். இருந்தாலும் எந்தப் பகுதி என்பதை விட, ஆள் எப்படி இருக்கிறார் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. வீங்கிக் கொண்டே போகும் அல்லது துடிக்கும் இரத்தக்கட்டு, நிற்காத இரத்தப்பெருக்கு, காயத்தின் வழியே காற்றுக்குமிழி, மூச்சிழுப்புச் சத்தம், திடீரென்று வந்த பக்கவாதம், இவற்றில் ஒன்று இருந்தால் ஸ்கேனுக்கு நிற்காமல் அறுவைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். இவை எதுவும் இல்லை, இரத்த அழுத்தமும் நன்றாக இருக்கிறது என்றால், இரத்தக்குழாயில் சாயமருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன் துண்டு எங்கே கிடக்கிறது, தமனிக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்பதைக் காட்டி விடும். எந்த வாசல் வழியாக நுழைவது என்று தெரிந்து கொண்டு நுழைவதற்காகவே அந்த அரை மணி நேரம்.

முரலில் இன்னொரு தொல்லை உண்டு. அதன் மூக்கு நீளமானது, பற்கள் நிறைந்தது, எளிதில் ஒடியக்கூடியது. துளை சிறியதாக இருப்பதால் இரண்டு தையல் போட்டு அனுப்பி விடுகிறார்கள், துண்டு உள்ளேயே இருந்து சீழ் கட்டுகிறது. (சமைத்தவர்களுக்குத் தெரியும், முரல் எலும்பு பச்சையாக இருக்கும். கழுத்துக்குள்ளேயும் அது பச்சையாகவே இருக்கிறது, தேடி எடுப்பவனுக்கு அது ஓர் உதவி.) கடல்நீர்க் காயத்தில் விப்ரியோ இனக் கிருமிகள் சதையை வேகமாக அழிக்கக்கூடியவை என்பதால், டெட்டனஸ் ஊசியோடு அதற்குரிய எதிர்நுண்ணுயிர் மருந்தும் தேவை. உணவுக்குழாயில் துளை இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதுதான் இந்தக் காயங்களில் மன்னிக்க முடியாத தவறு. 24 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தால் தைத்து விடலாம், அதைத் தாண்டினால் சீழ் கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்குகிறது.

கட்டியைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதற்குள் தம்பி ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: காயத்துக்கான அறுவைக்குப் பிறகு அண்ணனின் குரல் நாண்களைக் குழாய்க் கருவி விட்டு யாராவது பார்த்தார்களா?

சாயல்குடி பனைமரத்தான்

எங்கள் அப்பா பனையேறி. சென்ற ஆண்டு கருக்குமட்டை ஒன்று சரிந்து கழுத்தை அறுத்து விட்டது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, இரண்டு நாள் படுக்க வைத்து, தையல் மட்டும் போட்டு அனுப்பினார்கள். ஆழமான வெட்டுக்குத் திறந்து பார்க்கவில்லையே என்று இன்று வரை எங்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. மேலே எழுதியதைப் படித்த பிறகுதான் காரணம் புரிகிறது.

பாம்பன் தம்பி

ஐயா, டிஸ்சார்ஜ் சம்மரியில் குரல் நாண் பற்றி ஒரு வரியும் இல்லை. நீங்கள் கேட்ட பிறகு இராமநாதபுரத்தில் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டினோம். இடப்பக்க நாண் அசையவில்லை, வலப்பக்கம் நன்றாக அசைகிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கத்திக்காரர்

இந்த ஒரு வரிதான் இனி எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

ஒவ்வொரு குரல் நாணையும் அசைப்பதற்கு ஒரு நரம்பு உண்டு. மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்குள் இறங்கி, இடப்பக்கம் பெருந்தமனி வளைவையும், வலப்பக்கம் தோள் தமனியையும் சுற்றித் திரும்பி மேலே ஏறி, தைராய்டின் முதுகை ஒட்டிக் கொண்டு குரல்வளைக்குள் நுழைகிறது. ஒரு பக்க நரம்பு செயலிழந்தால் குரல் கம்மும், தண்ணீர் புரையேறும். உங்கள் அண்ணனுக்கு இருப்பது அதுதான். முரல் மூக்கு கழுத்தின் பெரிய குழாய்களோடு இறங்கும் தாய் நரம்பை நசுக்கியிருக்கலாம். இரண்டு பக்கமும் செயலிழந்தால் நிலைமை வேறு. இரண்டு நாண்களும் நடுவில் வந்து நின்று மூச்சுவழியை அடைத்து விடும், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டி வரும்.

கட்டி இருப்பது வலப்பக்கம். அதாவது இப்போது வேலை செய்து கொண்டிருக்கும் ஒரே நரம்பை ஒட்டித்தான் கத்தி போக வேண்டும். சித்தப்பா சொல்வது போல் நாளைக்கே செய்தால், அந்த நரம்பு சற்று நீட்டப்பட்டு ஓரிரு வாரம் ஓய்ந்தாலும் அண்ணனுக்கு மூச்சு இருக்காது. மாறாக, நசுங்கிய நரம்பு அறுபடாமல் இருந்தால் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டுக்குள், மீண்டு வருவதுண்டு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் புற்றுநோய் அவ்வளவு நாள் காத்திருக்குமா என்பதுதான்.

பெதஸ்டா 6 என்றால் புற்றுநோய் என்பதில் ஏறக்குறைய ஐயமில்லை. ஆனால் பாப்பில்லரி வகை தைராய்டு புற்றுநோய்களிலேயே மிகுதியாகக் காணப்படுவதும் மெதுவாக நகர்வதும் ஆகும். அனபிளாஸ்டிக் என்று ஒரு வகை இருக்கிறது, அது வாரக்கணக்கில் கழுத்தை அடைத்து விடும். இரண்டுக்கும் தைராய்டு புற்றுநோய் என்று ஒரே பெயர் இருப்பதுதான் இவ்வளவு அச்சத்துக்குக் காரணம். ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில், 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட பாப்பில்லரி கட்டிகளை அறுக்காமல் கண்காணிக்கும் முறையை 1993 இல் தொடங்கினார்கள். பத்தாண்டுகளில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தவை சுமார் 8 விழுக்காடுதான். தென் கொரியாவில் பரவலாகக் கழுத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், 2011 இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993 இல் இருந்ததைப் போல் 15 மடங்காயிற்று, அந்த நோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை மட்டும் மாறவே இல்லை. அண்ணனுடைய கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் என்பதால் கண்காணிப்போடு விட்டு விடச் சொல்ல மாட்டேன், அறுவை தேவைதான். ஆனால் கருவுற்ற பெண்ணுக்கு இதே புற்றுநோய் தெரிய வந்தால், கட்டி வேகமாக வளராத வரை, பிள்ளை பிறந்த பிறகு செய்யலாம் என்று தள்ளி வைக்கிறோம். அந்த அவகாசம் அண்ணனுக்கும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழுத்து அல்ட்ராசவுண்டும் குரல் நாண் சோதனையும் செய்து கொண்டு காத்திருக்கலாம். கட்டி வளர்ந்தாலோ நிணநீர்க் கணு வீங்கினாலோ காத்திருப்பை முடித்துக் கொள்ள வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு எடுப்பது. 1 முதல் 4 சென்டிமீட்டர் வரை உள்ள, சுரப்பியை விட்டு வெளியே வராத, கணுக்களுக்குப் பரவாத பாப்பில்லரி கட்டிக்குப் பாதிச் சுரப்பியை எடுத்தாலே போதும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஏற்றுக் கொண்டது. உங்கள் அண்ணனைப் பொறுத்தவரை நான் பாதியோடுதான் நிற்பேன். இடப்பக்கத்தில் ஏற்கெனவே அறுவையின் வடு இருக்கிறது. நரம்பு மீண்டு வரும் வழியில் இன்னொரு கத்தியைக் கொண்டு போவானேன்? இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளில் இடப்பக்கத்து இரண்டும் தொடாமல் இருக்கும் என்பதால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு பற்றிய கவலையும் பெரிதாக இருக்காது.

ஸ்கேனுக்காக ஏற்றிய சாயமருந்தில் அயோடின் மிகுதி. ஒருவேளை பிற்பாடு, மிஞ்சிய தைராய்டு அணுக்களை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் தேவை என்று சொன்னால், ஸ்கேன் எடுத்த தேதியை மறக்காமல் சொல்லுங்கள். ஓரிரு மாதங்கள் இடைவெளி விட்ட பிறகே அது பயன்படும்.

அறுவைக்குப் பின்னான முதல் இரவைப் பற்றியும் சொல்லி விடுகிறேன். தைராய்டை எடுத்த இடத்தில் இரத்தம் கசிந்து கட்டினால், அந்த அழுத்தத்தில் சிரை இரத்தம் தேங்கிக் குரல்வளை வீங்கி மூச்சு அடைக்கும். கொல்வது இரத்த இழப்பு அல்ல. அப்போது படுக்கையிலேயே தையலைப் பிரித்து இரத்தக்கட்டை வெளியேற்றத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். 'அறுவையன்று இரவு வார்டில் யார் இருப்பார்கள்?' என்று கேளுங்கள். அந்த மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறார், நரம்பைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக் கொள்கிறவரிடம் செய்து கொள்ள வேண்டாம்.

தேவிபட்டினம் பெரியவர்

மருத்துவர் தம்பி தவறாக எடுத்துக் கொள்ள வேண்டாம். மூன்று தலைமுறையாக மீனும் கருவாடும் தின்கிற கடற்கரையில் தைராய்டு நோய் எங்கிருந்து வந்தது? கழுத்தில் கழலை மலைநாட்டுக்காரர்களுக்குத்தானே வரும்? கத்தி பட்டால் பரவும் என்று அந்த அம்மா சொல்வதும் பொய்யில்லை. எங்கள் தெருவில் அறுவை செய்து கொண்ட ஒருவர் ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

கத்திக்காரர்

பெரியவருக்கு வணக்கம். கழலை பற்றி நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. அயோடின் குறைந்த மலைப்பகுதிகளில் கழலை மிகுதி, அங்கே ஃபாலிகுலர், அனபிளாஸ்டிக் வகைகளின் பங்கும் கூடுதல். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் பகுதிகளில் வருகிற புற்றுநோய் பெரும்பாலும் பாப்பில்லரி. மீன் தின்பது வகையை மாற்றுகிறதே தவிர, நோயே வராமல் காப்பதில்லை. மீன் தின்றதால் வந்தது என்றும் இதற்குப் பொருள் இல்லை.

உங்கள் தெருக்காரருக்கு எந்த உறுப்பில் எந்த நிலையில் நோய் இருந்தது என்று தெரியாமல் நான் எதையும் சொல்ல முடியாது. முற்றிய பிறகு கத்தி வைத்தால் பழி கத்தியின் மேல்தான் விழுகிறது. ஒரு காலத்தில் தைராய்டு அறுவைக்கே அஞ்ச வேண்டியிருந்தது உண்மை. பெர்ன் நகரத்தில் தியோடர் கோகர் என்பவர் ஆயிரக்கணக்கான அறுவைகள் செய்து, இரத்தம் சிந்தாத நிதானத்தால் அதைப் பாதுகாப்பானதாக ஆக்கினார், 1909 இல் நோபல் பரிசும் பெற்றார். முழுச் சுரப்பியையும் எடுத்தால் மனிதர் மந்தமாகி ஊதிப் போவதை 1883 இல் எழுதி, தன் தவறைத் தானே வெளியே சொன்னவரும் அவர்தான். இன்று அந்தக் குறையை ஒரு சிறிய மாத்திரை ஈடு செய்கிறது.

கீழக்கரை லாத்தா

எனக்கு முழுச் சுரப்பியையும் எடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கணுக்களுக்கும் பரவியிருந்ததால் கழுத்தின் பக்கவாட்டிலும் அறுவை செய்தார்கள். மருத்துவர்கள் எழுதாத இரண்டு செய்திகளை நான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போல் இருந்தது. பலவீனம் என்று நினைத்துப் படுத்து விட்டேன். இரவில் விரல்கள் மடங்கிப் போய் நிமிர்த்த முடியவில்லை. சுண்ணாம்புச் சத்து இறங்கியிருக்கிறது என்று ஊசி போட்ட பிறகுதான் தெரிந்தது. அறுவை செய்த இடத்தில், அதன் பெயர் தேவையில்லை, இப்படி வரும் என்று ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. முழுச் சுரப்பியை எடுத்துக் கொள்கிறவர்கள் அந்த ஊர்கிற உணர்ச்சியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

மற்றொன்று சாப்பாடு. கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன் இரண்டு வாரம் அயோடின் குறைந்த உணவுதான் சாப்பிட வேண்டும். உடம்பில் மிஞ்சியிருக்கும் தைராய்டு அணுக்களைப் பசியில் வைத்தால்தான் மருந்தைப் பிடித்துக் கொள்ளுமாம். கீழக்கரையில் இருந்து கொண்டு மீன், இறால், நண்டு, கணவாய், கருவாடு, முட்டை மஞ்சள் கரு, பால், அயோடின் சேர்த்த உப்பு எதுவும் இல்லாமல் இரண்டு வாரம் என்றால் என்ன செய்வது? கடைப் பலகாரத்திலும் ஊறுகாயிலும் எந்த உப்பு என்று யாருக்குத் தெரியும்? கல்லுப்பு ஆகுமா என்று கேட்டதற்கு, கடலுப்பே வேண்டாம், நாங்கள் சொல்லும் அயோடின் சேர்க்காத உப்பை மட்டும் பயன்படுத்துங்கள் என்று அந்த மருந்து கொடுக்கும் துறையில் சொன்னார்கள். வாலிநோக்கத்து உப்பளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்து கொண்டு உப்புக்கு அலைந்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய், பழம் என்று ஓட்டினேன். பாசி எடுக்கப் போகிற பெண்கள் கஞ்சிப் பாசியில் கஞ்சி காய்ச்சிக் குடிப்பதுண்டு, அதையும் நிறுத்த வேண்டும், கடற்பாசியில்தான் அயோடின் மிகுதி.

மருந்தைக் குடித்த பிறகு தனியறை. 30 மில்லிகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் கொடுத்தால், கதிர்வீச்சு இறங்கும் வரை வெளியே விட மாட்டார்கள். பிறகும் சில நாள் பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது என்றார்கள். அந்த இரண்டு வாரப் பத்தியத்தை விட எனக்கு அதுதான் கடினமாக இருந்தது.

தம்பி, உன் காக்காவுக்கு (அண்ணனுக்கு) பாதிச் சுரப்பியோடு முடிந்தால் இவை எதுவும் தேவைப்படாது. அதற்காகவே அந்த மருத்துவர் சொல்கிறபடி பொறுத்திருப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

தங்கச்சிமடம் வாசகர்

செலவைப் பற்றி யாரும் பேசவில்லையே. இங்கிருந்து மதுரைக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர், ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நாள் தொழில் போகிறது.

மண்டபம் செவிலியர்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, புற்றுநோய் அறுவைகளும் அதில் சேரும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துப் பதிவு மையத்தில் எடுத்துக் கொள்ளலாம். அல்ட்ராசவுண்டையும் குரல் நாண் சோதனையையும் இராமநாதபுரத்திலேயே முடித்துக் கொண்டு, அறுவைக்கு மட்டும் வெளியே போனால் போதும். அரசு மருத்துவக் கல்லூரி 2022 இல் வந்ததிலிருந்து முன்னளவுக்கு அலைச்சல் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது. இப்படிப்பட்ட சிக்கலான நிலைக்கு நான் அங்கே ஒரு முறை காட்டி விடச் சொல்வேன்.

பாம்பன் தம்பி (ஆறு மாதங்களுக்குப் பிறகு)

இழையைப் பாதியில் விட்டு விட்டேன், மன்னியுங்கள். மூன்றாம் மாதச் சோதனையில் கட்டி வளரவில்லை, கணுக்களும் தெளிவாக இருந்தன. இடப்பக்க நாண் இலேசாக அசையத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்ததில் அசைவு நன்றாகத் தெரிந்ததும் நாள் குறித்தார்கள். சென்ற மாதம் வலப்பக்கப் பாதியை மட்டும் எடுத்தார்கள். நரம்புக் கண்காணிப்புக் கருவி வைத்துத்தான் செய்தார்கள். அன்றிரவு வார்டில் யார் இருப்பார்கள் என்று நான் கேட்டேன். அறுவை செய்தவர் சிரித்து விட்டு, பயிற்சி மருத்துவரை அழைத்து என் முன்னாலேயே தையல் பிரிக்கும் பெட்டியை அண்ணனின் தலைமாட்டில் வைக்கச் சொன்னார்.

முடிவு அறிக்கை வந்து விட்டது. பாப்பில்லரி, 2.1 சென்டிமீட்டர், சுரப்பிக்கு வெளியே பரவவில்லை. கதிரியக்க அயோடின் தேவையில்லை என்றார்கள். புரையேறுவது நின்று விட்டது. பேச்சும் தெளிவாக இருக்கிறது. ஆனால் வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுப்பது எப்போதும் அண்ணன்தான், இப்போது கீழ்க்குரல் சரியாக வருகிறது, உச்சத்துக்குப் போனால் உடைகிறது. காற்றை எதிர்த்துப் பக்கத்துப் படகைக் கூப்பிட்டாலும் கேட்பதில்லை. இது எதனால்?

இன்னொன்று, ஆறாம் வார இரத்தச் சோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) சற்று ஏறியிருக்கிறது என்று 50 மைக்ரோகிராம் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விடிகாலையில் கடலில் இருக்கிறவர் வெறும் வயிற்றில் மாத்திரை எப்படிப் போடுவது?

கத்திக்காரர்

மகிழ்ச்சி, தம்பி. உச்சக்குரல் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறொரு நரம்பு. சுரப்பியின் மேல்முனைக்கு இரத்தம் கொண்டு வரும் குழாயை ஒட்டி மெல்லிய கிளை ஒன்று ஓடுகிறது, நாணை இழுத்து முறுக்கேற்றும் தசைக்கு அதுதான் கட்டளை கொடுக்கிறது. குழாயைக் கட்டும்போது அது நீட்டப்பட்டிருக்கலாம். பேசுகிறவர்கள் பலர் அந்தக் குறையைக் கவனிப்பதே இல்லை, பாடுகிறவரும் கூவுகிறவரும் உடனே கண்டுகொள்வார்கள். சில மாதங்களில் சரியாகும் வாய்ப்பு உண்டு. இடப்பக்கமும் இன்னும் முழுமையாக மீளவில்லை என்பதால் குரல் பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டுங்கள், அதுவரை கத்தி வலுக்கட்டாயமாகக் கூப்பிட வேண்டாம். பக்கத்துப் படகுக்கு விசில் ஊதச் சொல்லுங்கள்.

மண்டபம் செவிலியர்

மாத்திரைக்கு விடிகாலைதான் வேண்டும் என்பதில்லை. தினமும் ஒரே நேரமாக இருக்க வேண்டும், வயிறு காலியாக இருக்க வேண்டும், போட்ட பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தேநீரோ உணவோ கூடாது. இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படகு கிளம்பும் முன் போட்டுக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள். சுண்ணாம்பு, இரும்புச் சத்து மாத்திரைகள் இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும். ஒரு நாள் விட்டுப் போனால் பதற வேண்டாம், அந்த மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏழு நாள் ஆகும். தங்கல் (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க) போகும்போது மாத்திரையைப் பட்டையிலிருந்து பிரித்து எடுக்காமல், மூடி இறுகிய டப்பாவில் போட்டுக் கொடுங்கள். உப்பங்காற்றில் பிரித்து வைத்தால் இரண்டே நாளில் பொதபொதத்து விடும்.